இரட்டைக் கொக்கு மார்க் கெட்டிச் சாயம்

குமாரபாளையத்தில் லுங்கிகளுக்கு லேபிள் அச்சடிப்பது என் தொழில். தங்க நிற வட்டம், அதற்குள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு கொக்குகள், கீழே சிவப்பு எழுத்தில் 'கெட்டிச் சாயம்'. இருபத்தேழு வருடமாக இதை அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அந்த லுங்கியைத் தண்ணீரில் முக்கினால் போகாமல் நிற்பது லேபிளில் நான் அடித்த மை மட்டும்தான்.

இதை ஊரறியச் சொல்ல எனக்கு இதுவரை துணிச்சல் வந்ததில்லை. பிழைப்பு அப்படி. துணிந்து சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். சொல்லி அவர் என்ன கண்டார் என்பதும் தெரியும். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் பெயர் ரஞ்சனி. வயது நாற்பத்தாறு. பி.காம். படித்து, தட்டச்சில் ஹையர் தேறி, இருபத்துமூன்று வருடங்களுக்கு முன் இரட்டைக் கொக்கு லுங்கிக் கம்பெனியில் கடிதம் அடிக்கச் சேர்ந்தவர். சேர்ந்த ஆறாம் மாதமே புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது. புகார்ப் பிரிவு என்று பலகை மாட்டினால் புகார் உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? அதனால் முதலாளி சென்னிமலை அதற்கு 'வாடிக்கையாளர் அன்புப் பிரிவு' என்று பெயர் சூட்டினார். அந்தப் பலகையும் நான் செய்து கொடுத்ததுதான். அன்புப் பிரிவு என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு ஃபோன், ஒரு நாற்காலி.

வாடிக்கையாளர்கள் காட்டிய அன்பு பெரும்பாலும் ஒரே வகைப்பட்டது. சாயம் போகிறது என்பதுதான் அது. வெள்ளைப் பள்ளிச் சட்டை ரோஜா நிறமாகிவிட்டது என்று ஒருவர் எழுதுவார். மோகனூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த ஒருவர், தலையணை உறை, மெத்தை விரிப்பு, மாப்பிள்ளைக்கு எடுத்த வேட்டி என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'இனி என்ன பாக்கி' என்று முடித்திருந்தார். அயோத்தியாப்பட்டணத்துக்காரர் ஒருவர் எழுத்தை நம்பாமல், நீலம் பாரித்த தன் தொடையையே படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டார். ரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டு பதில் அனுப்பினாராம்.

அவர் பதில்கள் பெயர் பெற்றவை. சாயம் 'போகும்' என்ற சொல்லை எழுத்திலோ பேச்சிலோ அவர் பயன்படுத்தியதே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்: 'நூலில் கூடுதலாக ஏறிய சாயம் முதல் தண்ணீரில் விடைபெறும்.' விடைபெறும். வந்த விருந்தாளி சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, சொல்லிக்கொண்டு கிளம்புகிற மாதிரி. முதலாளி சென்னிமலை இந்தச் சொல்லைக் கேட்டு அன்றைக்கே ரஞ்சனிக்குத் தீபாவளிப் புடவையை ஒரு தரம் உயர்த்திக் கொடுத்தார். அந்தப் புடவையின் சாயமும் விடைபெற்றது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஃபோனில் அவர் பேசுவதை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். லேபிள் மாதிரி காட்டப் போனால் முதலாளி வரும்வரை அந்த மேசைப் பக்கம்தான் உட்கார வேண்டும்.

"மேடம், மூணாந் தண்ணிங்க இது. இன்னும் போகுதுங்க" என்றது ஃபோனில் ஒரு குரல்.

"கல்லுப்புல ஊற வெச்சீங்களா?"

"வெச்சனுங்க."

"கல்லுப்பா, தூளுப்பா?"

வீட்டில் யாரையோ கேட்டுவிட்டுக் குரல் திரும்பி வந்தது. "தூளுப்புதானுங்க ஊட்ல இருந்துச்சு."

"அதானுங்க" என்றார் ரஞ்சனி, மிகுந்த வருத்தத்தோடு.

அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஃபோனை வைத்தார். கல் உப்புக்கும் தூள் உப்புக்கும் சாயத்தைப் பொறுத்தவரை என்ன வித்தியாசம் என்று நான் கேட்டேன். "எனக்கெப்படிங்ணா தெரியும்?" என்றார். கல் உப்பு என்று சொன்னவர்களிடம் நிழலில் காய வைத்தீர்களா என்று கேட்பாராம். நிழல் என்றவர்களிடம் மர நிழலா, கூரை நிழலா என்று கேட்பாராம். அதற்கு மேல் தாக்குப் பிடித்தவர் இருபத்திரண்டு வருடத்தில் இரண்டே பேர். அவர்களுக்குப் புது லுங்கி அனுப்பி வைத்தார்கள்.

இப்படிப்பட்டவரை நல்லவர் என்று எப்படிச் சொல்வது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்திருக்கிறேன். லேபிள் அடிக்கிறவன் நினைக்கலாமா என்று வாயை மூடிக்கொள்வேன். அந்த நாற்காலியை அவர் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது ஒரு நாள் அவரே சொல்லித் தெரிந்தது. வீட்டில் கணவருக்கு அவர் 'ஏபுள்ள'. மாமியாருக்கு 'இந்தா'. அக்கம்பக்கத்தில் பள்ளிபாளையத்தாரு மருமக. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஃபோனை எடுத்தால் மேடம். திட்டுகிறவர்கள்கூட 'ஏன் மேடம் இப்படிப் பண்றீங்க' என்றுதான் திட்டுவார்கள்.

"ஒரு நாளைக்கு நாப்பது பேரு மேடம்ங்கறாங்கண்ணா. அதுக்காகவே வாரேன்" என்றார்.

போன வருடம் அந்த நாற்காலிக்கு ஆபத்து வந்தது. முதலாளி மகன் பிரபாகர் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து கம்பெனியை நவீனப்படுத்திக்கொண்டிருந்தார். ரஞ்சனி இருபத்திரண்டு வருடமாக எழுதிய பதில்களையெல்லாம் திரட்டி ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்குள் போட்டார். இனி வாட்ஸ்ஆப்பில் புகார் வந்தால் அதுவே பதில் சொல்லிவிடும். அது சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கிற வேலையையும் ரஞ்சனியிடமே கொடுத்தார். அது கல் உப்பா தூள் உப்பா என்று கேட்டது. மர நிழலா கூரை நிழலா என்று கேட்டது. விடைபெறும் என்றது.

"அப்படியே உங்களாட்டவே பேசுதுங்க்கா" என்றார் பிரபாகர், அது ஒரு பாராட்டு என்று நினைத்துக்கொண்டு. "ஆடி நோம்பி முடிஞ்சா நீங்க நிம்மதியா ஊட்ல இருக்கலாம்."

ஊட்ல இருக்கலாம். ரஞ்சனி அன்று கொண்டுவந்த சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுபோனார்.

அந்த நிலையில்தான், வைகாசி மாதம், ஒரு மின்னஞ்சல் வந்தது. இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரின் அருங்காட்சியகத்திலிருந்து எழுதியிருந்தார்கள். கம்பெனியின் வலைத்தளத்தில் இருக்கும் ஒரே முகவரி அன்புப் பிரிவின் முகவரி என்பதால் அது நேரே ரஞ்சனியிடம் வந்து சேர்ந்தது.

அவர்களிடம் ஒரு படம் இருந்தது. 1956-ல் ஐரிஸ் வெட்டன் என்ற பெண் வரைந்த உடை டிசைன் படம். கடைகளுக்கும் துணிக் கம்பெனிகளுக்கும் கவுன் டிசைன் வரைந்து கொடுத்துப் பிழைத்தவராம் அந்த அம்மாள். படத்தை நானும் பார்த்தேன். கறுப்பு மையில் ஒரு பெண் நிற்கிறாள். மனுஷிக்கு அவ்வளவு நீளக் கால் கிடையாது. முகத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை. இடுப்பில் ஒரு கை, இன்னொரு கை வரையாமலே விடப்பட்டிருக்கிறது. கையில்லாத கவுன், அதில் நம் ஊர் லுங்கிக் கட்டம். படத்தின் ஓரத்தில் அந்தத் துணியிலேயே இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று குண்டூசியால் குத்தப்பட்டிருக்கிறது. இந்தக் கவுனை இந்தத் துணியில்தான் தைக்க வேண்டும் என்று காட்டுவதற்காக அப்படிக் குத்துவது அந்தத் தொழிலின் வழக்கமாம். துண்டின் விளிம்பில் இரட்டைக் கொக்கு முத்திரை. சென்னிமலையின் அப்பா காலத்துச் சரக்கு, சென்னை வழியாகக் கப்பலேறிப் போனது.

இதில் சிக்கல் என்னவென்றால், அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு சிவப்பு பரவியிருந்தது. கவுனின் கோட்டை மீறி வெற்றுத் தாள் வரைக்கும் போயிருந்தது. அருங்காட்சியகத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, அது ஓவியர் வேண்டுமென்றே பூசிய வண்ணம், அந்தக் காலத்தில் யாரும் செய்யாத துணிச்சல் என்றது. இன்னொரு கட்சி, துணித் துண்டு நனைந்து சாயம் இறங்கியிருக்கும் என்றது. உங்கள் துணியில் சாயம் போகுமா, தயவுசெய்து தெரிவியுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

ரஞ்சனி அதைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னது இது: "எழுவது வருசம் கழிச்சுப் புகார் பண்றாங்க பாருங்ணா. பில்லு வெச்சிருப்பாங்களா?"

பதில் அனுப்ப அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வளைகுடாவுக்குப் போன லுங்கிகளுக்காக ஆங்கிலத்திலும் ஒரு பதில் தயாராக இருந்தது. எங்கள் வண்ணங்கள் கெட்டியானவை. முதல் முறை துவைக்கும் முன் அரை மணி நேரம் கல் உப்புத் தண்ணீரில் ஊற வைக்கவும். வெள்ளைத் துணிகளோடு சேர்க்க வேண்டாம். நிழலில் உலர்த்தவும். அன்புடன், ரஞ்சனி.

அருங்காட்சியகக்காரர்கள் கல் உப்பைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது. முதல் வரி அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. பத்து நாளில் பதில் வந்தது, திருமதி ரஞ்சனி அவர்களுக்கு என்று பெயர் போட்டு. தயாரிப்பாளரே எழுத்து மூலம் உறுதியளித்துவிட்டதால் ஐயம் தீர்ந்தது. அந்தச் சிவப்பு ஐரிஸ் வெட்டனின் சொந்தக் கற்பனை. வரப்போகும் கண்காட்சியின் சுவரொட்டியில் இந்தப் படத்தைத்தான் போடப்போகிறார்கள்.

கம்பெனியில் அன்று எல்லோருக்கும் ஜிலேபி. எனக்கு ஃப்ளெக்ஸ் ஆர்டர். 'உலக அருங்காட்சியகத்தில் நமது லுங்கி' என்று பதினாறு அடிக்கு அடித்தேன். அந்த வெளிநாட்டுப் படம் ஓர் ஓரத்தில் கையகலத்துக்கு, மீதி இடமெல்லாம் சென்னிமலை. பிரபாகர் கம்ப்யூட்டர் பேச்சை அன்றோடு நிறுத்தினார். பெயர் போட்டு வெளிநாட்டுக் கடிதம் வருகிற ஆளை எப்படி வீட்டுக்கு அனுப்புவது? ரஞ்சனிக்குப் 'பாரம்பரியத் தொடர்பு அதிகாரி' என்று புதுப் பதவி, மாடிப்படிக்குக் கீழிருந்து ஜன்னல் ஓரத்துக்கு இடமாற்றம், சக்கரம் வைத்த நாற்காலி. முதல் இரண்டு நாள் அதில் உட்கார்ந்து அவர் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது எனக்கு.

மூன்றாம் நாள் என்னை ஃபோனில் கூப்பிட்டார். "அண்ணா, ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா" என்றார். குரல் சரியில்லை.

அருங்காட்சியகத்தின் கடிதத்தோடு ஒரு பழைய கடிதத்தின் படமும் வந்திருந்தது. கொண்டாட்டத்தில் அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. ஐரிஸ் வெட்டனின் காகிதக் கட்டுக்குள் கிடைத்ததாம். உங்கள் கம்பெனி அன்றைக்கே இதைத்தான் சொல்லியிருக்கிறது, பாருங்கள் என்று பெருமையாக அனுப்பியிருந்தார்கள். 1956 ஆகஸ்டு. தலைப்பில் இரண்டு கொக்குகள். ஆங்கிலத்தில் இருந்ததை ரஞ்சனி எனக்குத் தமிழில் சொன்னார்.

'அம்மையீர், தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். எங்கள் வண்ணங்கள் கெட்டியானவை. மழையில் நனைந்த எந்தப் பொருளுக்கும் நாங்கள் பொறுப்பாக முடியாது. தாங்கள் குறிப்பிடும் நிறுவனம் தங்கள் வரைபடங்களை ஏற்க மறுத்ததற்கு எங்கள் துணி காரணம் அன்று என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். வருங்காலத்தில் துணியைக் கையாளும்போது கவனம் தேவை.'

"நல்ல பதில்தானே" என்றேன். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

"பதிலு நல்லாத்தான் இருக்குதுங்ணா. புகாரைப் பாருங்க."

"புகார் எங்கம்மா இருக்குது? பதில் மட்டுந்தானே இருக்குது?"

இருபத்திரண்டு வருடமாகப் பதில் எழுதியவருக்கு, பதிலைப் பார்த்தால் எதிரில் இருந்த புகார் தெரியும். ஆட்காட்டி விரலை வரிக்கு வரி வைத்துச் சொன்னார். "மழைன்னு இவிங்களா எதுக்குங்ணா எழுதோணும்? அந்தம்மா எழுதியிருக்குது. படத்தை எடுத்துட்டுப் போறப்ப மழை புடிச்சிருக்குது. துண்டுத் துணி நனைஞ்சு படத்து மேல எறங்கியிருக்குது. அதோடயே கொண்டுபோய்க் குடுத்திருக்குது, வேற வழி இல்லாம. கம்பெனிக்காரன் வேண்டாம்னுட்டான். உங்க துணியால என்ற பொழப்புப் போச்சுன்னு எழுதியிருக்குது. நம்மாளு, கவனம் தேவைன்னு எழுதியிருக்கான்." கொஞ்சம் நிறுத்தினார். "நானா இருந்தாலும் அதேதான் எழுதியிருப்பேன்."

வெளிநாட்டில் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சாயம் போகவில்லை என்பதற்கு ஆதாரம் என்று எடுத்துக்கொண்டார்கள். சாயம் போகாத ஒரு துணிக்கு எவராவது கடல் கடந்து அப்படி ஒரு கடிதம் எழுதுவார்களா? தானே பூசிய சிவப்புக்கு யாராவது புகார் எழுதுவார்களா? லெட்டர்ஹெட்டைப் பார்த்தால் நம்பிவிடுகிறார்கள். லெட்டர்ஹெட் அடிக்கிறவன் சொல்கிறேன், அதில் ஒன்றுமே இல்லை.

அதைவிட மோசம், படத்துக்கு அவர்கள் எழுதி வைத்திருந்த குறிப்புரை. அதையும் அனுப்பியிருந்தார்கள். 'இந்த உச்சத்தைத் தொட்டபின் ஐரிஸ் வெட்டன் வேறெதையும் வரையவில்லை. மௌனத்தைத் தேர்ந்துகொண்டார்' என்று அதில் இருந்தது. இறுதி வரை ஒரு பள்ளியின் சமையல்கூடத்தில் வேலை பார்த்தாராம். மௌனத்தைத் தேர்ந்துகொண்டவர் சமையல்கூடத்துக்கு ஏன் போனார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரஞ்சனி கண் கலங்கிவிட்டார். "அந்தம்மா கெட்டுப்போச்சுன்னு புகார் எழுதுன படத்தை, இதுதான் உன்ற பெருமைன்னு மாட்டப்போறாங்க. நானும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறனுங்ணா" என்றார். எனக்கும் வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டேனே தவிர, மறுபடி எழுதுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. ஃப்ளெக்ஸ் அப்போதுதான் பேருந்து நிலையத்தில் ஏறியிருந்தது.

எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நாற்காலி போகும். கம்ப்யூட்டர் திரும்பி வரும். ஆடிக்கு அப்புறம் வீட்டில் ஏபுள்ள, இந்தா. மூன்று நாள் தவித்தார். நான்காம் நாள் முதலாளியிடமே போய் நின்றார். சென்னிமலை கெட்ட மனிதர் இல்லை. வேலையாட்கள் வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தியில் உட்காருகிறவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"செத்துப்போன அம்மாவுக்கு இப்ப என்ன சாமி கொறை? படத்துக்குக் கண்ணாடி போட்டு, லைட்டுப் போட்டு மாட்டப்போறாங்க. நம்ம சாயந்தானே அதுக்குப் பேரு வாங்கிக் குடுத்துச்சு?"

"அது அவிங்க போட்டதில்லீங்க ஐயா."

"விடு சாமி. எழுதாத. எழுதினீன்னா அந்தச் சேருல நான் உன்னைய உக்கார வெக்க முடியாது. பையன் கேப்பான்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. ரஞ்சனி சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து எழுதினார்.

அந்தக் கடிதத்தை எனக்குக் காட்டினார். என் ஆங்கிலம் லேபிள் அளவு ஆங்கிலம்தான், என்றாலும் புரிந்தது. 'எங்கள் சாயம் போகும். 1956-லும் போனது, இப்போதும் போகிறது. நான் முன்பு எழுதியது எல்லோருக்கும் எழுதுகிற பதில். ஐரிஸ் வெட்டன் அந்தச் சிவப்பைப் பூசவில்லை. எங்கள் துணி அவர் படத்தைக் கெடுத்தது. அவர் எங்களிடம் முறையிட்டார், நாங்கள் அவர் மேலேயே பழியைப் போட்டோம். அவர் கவனமில்லாதவர் அல்ல. தயவுசெய்து அதை எழுதுங்கள்.' முதலாளிக்கும் ஒரு பிரதி போகும்படி அனுப்பினார். ஒளித்துச் செய்தால் அதுவும் ஒரு 'விடைபெறும்' மாதிரி ஆகிவிடும் என்றார்.

பிறகு டிஃபன் கேரியர், காலுக்கு வைக்கும் சிறு மணை, மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த முருகன் படம் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டார். ஒரு வாரம் அந்தப் பை அங்கேயே இருந்தது. யாரும் அவரை எழுந்திரு என்று சொல்லவில்லை. வெளிநாட்டுப் பதில் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி காத்திருந்தார்.

பதில் வந்தது. 'அன்புள்ள பார்வையாளருக்கு' என்று ஆரம்பித்தது. தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. ஒரு படைப்பைப் பல விதமாக வாசிக்க இடமுண்டு, தங்கள் வாசிப்பையும் மதிக்கிறோம். குறிப்புரைகள் வல்லுநர் குழுவாலும் தயாரிப்பாளரின் எழுத்துப்பூர்வ உறுதிமொழியாலும் இறுதி செய்யப்பட்டவை. கண்காட்சிச் சுவரொட்டிகள் எங்கள் விற்பனையகத்தில் கிடைக்கும்.

ரஞ்சனி அதை இரண்டு முறை படித்தார். "எத்தன பேருக்கு இதையே அனுப்புவாங்களோ" என்றார். பிறகு, தொழில் தெரிந்தவர் சொல்கிற மாதிரி, "நல்லா எழுதியிருக்காங்கண்ணா. ஒரு எடத்துலயும் புடி குடுக்கல" என்றார். தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்ததைத் தயாரிப்பாளரே மறுத்தால் யாரை நம்புவது என்று அங்கே யாராவது ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசித்தால் சுவரொட்டியைக் கிழிக்க வேண்டும். நான் ஃப்ளெக்ஸைக் கிழித்தேனா?

முதலாளி கூப்பிட்டனுப்பினார். ரஞ்சனி கட்டைப்பையைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே போனார். சென்னிமலை சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா சாமி, நீயே போகுதுன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க. அதுக்குப் பேருதான் கெட்டிச் சாயம்." பையைப் பார்த்தார். "அதையெல்லாம் எடுத்து வெச்சுட்டு வேலையைப் பாரு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல."

வெளுத்தது யாருடைய சாயம் என்று அப்போது அங்கே கேட்க ஆள் இல்லை. ரஞ்சனி வெளியே வந்து முருகன் படத்தைப் பழைய இடத்தில் வைத்தார். அன்று மாலை என் அச்சகத்துக்கு வந்து உட்கார்ந்து அழுதார். வேலை போயிருந்தால் அழுதிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, இருப்பதையெல்லாம் வைத்து ஓர் உண்மையைச் சொன்னார். அதனால் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. "போடீன்னு தொரத்தியிருந்தாலாவது, சொன்னது காதுல விழுந்துச்சுன்னு இருந்திருக்குமுங்ணா" என்றார். அச்சகப் பையனை டீ வாங்கி வரச் சொன்னேன். அதுதான் என்னால் முடிந்தது.

ஆவணியில் கனமான அட்டைக் குழாய் ஒன்று வந்தது. சுவரொட்டியை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார்கள். நல்ல அச்சு, ஒரு வண்ணம்கூட விலகவில்லை, தொழில்முறையில் நான் பொறாமைப்பட்டேன். ஐரிஸ் வெட்டனின் கண்ணில்லாத பெண் ஆளுயரத்துக்கு நின்றாள். சிவப்பு இன்னும் பெரிதாக, இன்னும் பளிச்சென்று. கீழே சின்ன எழுத்தில் நன்றி அறிவித்திருந்தார்கள். 'சாயத்தின் கெட்டித்தன்மையை உறுதி செய்த திருமதி ரஞ்சனிக்கு நன்றி.'

கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவர் பெயர் அச்சில் வந்தது இப்போதுதான். பிரபாகர் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். கைதட்டினார்கள். ரஞ்சனி விரலால் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தார். எல்லோரும் போன பிறகு ஜன்னலோரத்துக்குப் போய் அருங்காட்சியகத்துக்கு மூன்றாவது கடிதம் எழுதினார். இந்த முறை சாயத்தைப் பற்றியோ ஐரிஸ் வெட்டனைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. சுவரொட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்ற ஒரு வரி மட்டும்.

பதில் மறுநாளே வந்தது. நேர்ந்த சங்கடத்துக்கு மிகவும் வருந்துவதாகவும், அடுத்த அச்சிலிருந்து பெயர் நீக்கப்படும் என்றும், இனி எங்கும் வராது என்றும் எழுதியிருந்தார்கள். அப்படியே செய்தும் விட்டார்கள். புதுச் சுவரொட்டியில் 'தயாரிப்பாளருக்கு நன்றி' என்று மட்டும் இருக்கிறது. அவர்களுக்கு ரஞ்சனி எழுதிய புகார்களில் ஒரு கேள்வியும் கேட்காமல் அவர்கள் ஏற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.